கல்வெட்டு

சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அரசாணை சொல்கிறது.
பெருக்கிப் போடுவது என் வேலை.

தில்லைநாயகம் சம்பா வயலைக் கூறுபோட்டு விற்றுவிட்டு
மகள் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார்.
குடமுருட்டியில் பிரிகிற கிளைவாய்க்கால்
பத்திரத்தில் நாலெல்லையில் ஒன்று,
வரைபடத்தில் பென்சில் கோடு.
வாங்கியவர்கள்தான் வரன்முறைக்கு
என் மேசைமுன் வரிசையில் நின்றார்கள்.
முப்பத்தெட்டு மனை, முப்பத்தெட்டு ரசீது.
கார்பன் தாள் தேய்ந்திருந்தது.
அடிப்பிரதியில் ‘கட்டணம்’ பதிந்தது,
‘வளர்ச்சி’ பதியவில்லை.

இருபத்து மூன்றாம் எண் ஜெசிந்தா.
மஸ்கட்டில் எட்டு வருஷம்
பிறத்தியார் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய காசு.
எண்ணி வைத்துவிட்டுக் கேட்டாள்:
“இதுல என்னென்ன வரும் மேடம்?”
சாலை, விளக்கு, வடிகால்.
வாய்க்கால் குறுக்கே ஒரு கல்வெட்டு.
“கல்வெட்டா? எங்க பேரும் போடுவீங்களா?”
சிறுபாலம் என்றேன். தண்ணீர் அடியில் போகும்,
நீங்கள் மேலே போகலாம்.
சிரித்தாள். ரசீதை நாலாய் மடித்து
ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

பணம் தனித் தலைப்பில் கிடந்தது,
முறை வராத மடைபோல அடைபட்டு.
பிறகு மன்றத்தில் தீர்மானம் வந்தது.
புது நகரில் இன்னும் நாலு வீடுகூட எழும்பவில்லை;
கிழக்குத் தெருவில் நாற்பது வருஷமாய்
வாசலில் நிற்கிறது சாக்கடை;
முதலில் அங்கே கட்டுவோம்.
குறிப்பு எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.
குறிப்பில் எழுத இடமில்லாத ஒன்று:
கிழக்குத் தெருவில் ஏழாவது வீடு என்னுடையது.

பங்குனியில் வேலை முடிந்தது.
ஆடி மழையில் முதல்முறையாக என் மகன்
செருப்பைக் கையில் எடுக்காமல் பள்ளிக்கூடம் போனான்.
தெருமுனையில் பளிங்குக் கல் நட்டார்கள்.
தலைவர் பெயர், துணைத்தலைவர் பெயர்,
உறுப்பினர் பதினைந்து பேர், ஒப்பந்தக்காரர்.
அதற்கே கல் நிறைந்துவிட்டது.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் ஜெசிந்தா வந்தாள்,
முழங்கால்வரை சேறு, பிளாஸ்டிக் உறையில் ரசீது.
“கிழக்குத் தெருத் தண்ணி பூரா
என் அடுப்படியில நிக்குது மேடம்.
புது வடிகால் எங்க மனை ஓரத்துலதான் முடியுது.”
குரலை உயர்த்தவில்லை.
“நல்லாத்தான் கட்டியிருக்காங்க. வேகமா வருது.”

பதிவேட்டைத் திருப்பினேன்.
வரவு, செலவு, மீதி நூற்று எண்பத்தாறு ரூபாய்.
எல்லாம் சரியாக இருந்தது.
தணிக்கையில் ஒரு ஆட்சேபமும் வராது.
ஏழாவது வீடு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
அவள் உட்காரவில்லை.

மதியம் லஸ்கர் மாரிக்கண்ணு கடப்பாரையோடு வந்து
துருவேறிய மதகுப் பலகையை நெம்பினார்.
எங்கே விடுகிறீர்கள் என்றேன்.
“கீழதான். வேற எங்க விடறது?”

வரப்பில் நின்று பார்த்தோம், அவளும் நானும்.
தண்ணீர் நகரைவிட்டு இறங்கி
தெற்கே அடுத்த நிலத்துக்குள் போனது.
இந்த வருஷம் அங்கே நாற்று நடவில்லை.
நட்டிருந்தவை கற்கள்,
தலையில் வெள்ளையடித்து எண் எழுதியவை.
நீர் ஏற ஏற ஒவ்வொன்றாய் முழுகின.
நாற்பத்தாறுவரை எண்ணினேன்.
சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று
மனசு தானாகப் பெருக்கத் தொடங்கியிருந்தது.
ஜெசிந்தாவின் கல்வெட்டுக்குக் காணும்
போலிருந்தது.